காப்பர்-டி நூலும் தெரியவில்லை, ஸ்கேனிலும் இல்லை. "விழுந்திருக்கும்" என்று விட்டுவிடலாமா?

கோத்தகிரிப் பக்கம் எஸ்டேட் லயன் வீட்டில் இருக்கும் ஒரு தங்கச்சி கேட்டிருந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். இரண்டாவது குழந்தைக்கு மூன்றாம் தவணை ஊசி போடப் போன அன்றைக்கே, அதாவது பிரசவமாகி 14 வாரத்தில், கர்ப்பப்பைக்குள் வைக்கிற கருத்தடைச் சாதனமான காப்பர்-டியைப் போட்டுவிட்டிருக்கிறார்கள். போடும்போது சுருக்கென்று ஒரு வலி, இரண்டு நாள் அடிவயிற்றில் கடுப்பு, அப்புறம் ஒன்றும் இல்லை. இப்போது குழந்தைக்கு 9 மாதம், இன்னும் தாய்ப்பால் கொடுக்கிறார், மாதவிலக்கு இன்னும் வரவில்லை. அதன் அடியில் தொங்கும் நூல் கையில் தட்டுப்படவில்லை என்று போய்க் காட்டினால் அங்கே பார்த்தவர்களுக்கும் நூல் தெரியவில்லை. ஸ்கேன் எடுத்தால் கர்ப்பப்பைக்குள் காப்பர்-டி இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். "விழுந்திருக்கும், அடுத்த மாசம் வா, வேற போட்டுடலாம்" என்று பதில். பக்கத்து வீட்டு அம்மாவோ, "அது நெஞ்சுக்கு ஏறிடும்" என்று சொல்லித் தூக்கத்தைக் கெடுத்திருக்கிறார். யார் சொல்வது சரி, வேறு போட்டுக்கொள்ளலாமா அக்கா, இதில் வேறு அரிய சிக்கல்களும் உண்டா என்பது கேள்வி.

இரண்டு பேர் சொன்னதையும் இப்போதைக்கு ஓரமாக வையுங்கள். வயிற்றுக்கு ஒரு எக்ஸ்ரே எடுக்கும்வரை புதிதாக எதையும் போட்டுக்கொள்ளாதீர்கள். அவ்வளவுதான் பதில். கீழே எழுதியிருப்பதெல்லாம் ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பது.

நான் டாக்டர் இல்லை. இந்த மலையில் 31 வருடம் லேபர் ரூமிலும் குடும்பநலப் பிரிவிலும் வேலை பார்த்து ஓய்வு பெற்ற நர்ஸ். காப்பர்-டிக்கு எதிரியும் இல்லை. எத்தனை பேருக்குப் போட்டேன் என்று கணக்கு வைத்துக்கொள்ளவில்லை, அதில் மிகப் பெரும்பாலானவர்கள் பத்து வருடம் ஒரு தொந்தரவும் இல்லாமல் வைத்திருந்து எடுத்துக்கொண்டு போனவர்கள். அதனால் இதைப் படித்துவிட்டு நன்றாக இருக்கும் காப்பர்-டியை யாரும் ஓடிப்போய் எடுக்க வேண்டாம். இங்கே பேசப்போவது ஆயிரத்தில் ஒன்று இரண்டு நடக்கிற விஷயங்கள். ஆனால் அந்த ஒன்று இரண்டில் நாம் இருந்துவிட்டால் நமக்கு அது முழுசுதானே.

முதலில் நூலைப் பற்றி. நூல் தெரியவில்லை என்றாலே ஏதோ ஆகிவிட்டது என்று அர்த்தமில்லை. கர்ப்பப்பை வாய்க்கு வெளியே மூன்று நான்கு சென்டிமீட்டர் விட்டுத்தான் நூலை வெட்டுவோம், அது பல பேருக்கு மேலே சுருண்டு வாய்ப்பகுதிக்குள்ளேயே ஒளிந்துகொள்ளும். பிரசவமான உடனே, நஞ்சுக்கொடி விழுந்த பத்து நிமிடத்துக்குள்ளோ 48 மணி நேரத்துக்குள்ளோ போடுகிறார்களே, அவர்களுக்கு இது இன்னும் சகஜம். கர்ப்பப்பை அப்போது பெரிதாக இருக்கும், பிறகு சுருங்கும்போது நூல் சிலருக்குக் கீழே வரும், சிலருக்கு வராது. சிசேரியன் செய்யும்போதே போட்டவர்களுக்கு நூலையே பார்க்காமல் வருடங்கள் ஓடுவதும் உண்டு. இவர்களுக்கெல்லாம் ஸ்கேனில் காப்பர்-டி அதன் இடத்தில் தெரிந்துவிட்டால் கதை முடிந்தது, நூலைத் தேடி அலைய வேண்டாம்.

உங்கள் விஷயம் அப்படி இல்லை. ஸ்கேனிலும் இல்லை. அப்படியென்றால் இரண்டே வழிதான். ஒன்று கீழே விழுந்திருக்க வேண்டும், இல்லை கர்ப்பப்பைச் சுவரைத் தாண்டி வயிற்றுக்குள் போயிருக்க வேண்டும். இரண்டில் எதற்கு வாய்ப்பு அதிகம் என்று கேட்டால் நானும் விழுந்ததற்குத்தான் என்று சொல்வேன். பொதுவாக நூறு பேரில் ஐந்து பேருக்கு முதல் வருடத்தில் தானாக வெளியே வந்துவிடும், அதிலும் முதல் மூன்று மாதத்தில்தான் அதிகம். பிரசவம் முடிந்த கையோடு போட்டால் இது இன்னும் கூடும். ரத்தப்போக்கோடு சேர்ந்து போய்விட்டால் கவனிக்கவும் மாட்டோம். ஆகவே அவர்கள் சொன்னது முட்டாள்தனமான ஊகம் இல்லை. ஆனால் ஊகம். நீங்கள் கண்ணால் பார்க்கவில்லை, அவர்களும் பார்க்கவில்லை.

உங்களுக்கு ஏன் இன்னும் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன் என்றால், போட்ட நேரம். பால் கொடுக்கும் தாய்க்கு உடம்பில் ஈஸ்ட்ரோஜன் குறைவாக இருக்கும், கர்ப்பப்பை சின்னதாகச் சுருங்கி, சுவர் மெலிந்து மெத்தென்று இருக்கும். ஐரோப்பாவில் 60,000க்கும் மேற்பட்ட பெண்களைத் தொடர்ந்து பார்த்து 2015-ல் வெளியிட்ட பெரிய ஆய்வு ஒன்று உண்டு. அதில் ஆயிரம் பேருக்குப் போட்டால் ஒருவருக்கு அல்லது அதற்குக் கொஞ்சம் கூடுதலாகத்தான் கர்ப்பப்பையில் ஓட்டை விழுந்திருந்தது. ஆனால் பால் கொடுக்கும் காலத்தில் போட்டவர்களுக்கு அந்த வாய்ப்பு சுமார் ஆறு மடங்கு. ஆறு மடங்கு என்று கேட்டவுடன் பதற வேண்டாம், அப்போதும் ஆயிரத்தில் ஐந்தாறு பேர்தான், மற்ற தொள்ளாயிரத்துச் சொச்சம் பேருக்கு ஒன்றுமில்லை. அதனால்தான் பால் கொடுக்கும் தாய்க்குப் போடக்கூடாது என்று எங்கும் விதி இல்லை. கையைப் பார்த்துப் போடு என்பதுதான் பாடம்.

கையைப் பார்த்து என்றால் என்ன? போடுவதற்கு முன்னால் உள்பரிசோதனை செய்து கர்ப்பப்பை முன்னால் சாய்ந்திருக்கிறதா பின்னால் சாய்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும், நீளம் அளக்கிற கம்பியை மெதுவாக விட்டு ஆழம் பார்க்க வேண்டும். பின்னால் சாய்ந்த கர்ப்பப்பையை முன்னால் சாய்ந்தது என்று நினைத்துக் கம்பியை விட்டால் அது நேராகச் சுவரில் போய் முட்டும். அப்புறம், காப்பர்-டியைக் குழாயிலிருந்து உள்ளே தள்ளக் கூடாது. உள்கம்பியை அசையாமல் பிடித்துக்கொண்டு வெளிக்குழாயை நம் பக்கம் இழுக்க வேண்டும், டி தானாகக் கையை விரிக்கும். தள்ளுவதற்கும் இழுப்பதற்கும் உள்ள இந்த வித்தியாசத்தை எனக்குச் சொல்லிக்கொடுத்த சிஸ்டர் சல்லடையில் மாவைச் சலிக்கிற மாதிரி நூறு தடவை மாடலில் செய்ய வைத்துத்தான் ஆள்மேல் கைவைக்க விட்டார்கள். இப்போது வரிசையில் நாற்பது பேர் நிற்க, ஊசி போடுகிற அன்றைக்கே இதையும் முடித்து அனுப்புகிற அவசரத்தைப் பார்த்தால் எனக்குக் கை நடுங்குகிறது, சரி, அது வேறு பேச்சு.

ஓட்டை விழுந்தால் அன்றைக்கே தெரியாதா என்று கேட்பீர்கள். பெரும்பாலும் தெரியாது. சிலருக்குக் கடுமையான வலி வரும், பலருக்கு எல்லாருக்கும் வருகிற அதே கடுப்புதான். டி சுவரில் பாதி ஏறி நிற்கும், அப்புறம் கர்ப்பப்பை சுருங்கிச் சுருங்கி அதைக் கொஞ்சம் கொஞ்சமாக மறுபக்கம் அனுப்பிவிடும். நூலும் கூடவே போய்விடும். ரத்தம் போகாது, காய்ச்சல் வராது, தலைக்கு மேல் வேலை இருக்கிற பெண்ணுக்கு ஒன்றுமே தெரியாது. நூல் காணவில்லை என்பது மட்டும்தான் அது அனுப்புகிற ஒரே தகவல். அந்தத் தகவலைத்தான் "விழுந்திருக்கும்" என்ற ஒரு வார்த்தையில் அழித்துவிடுகிறோம்.

எனக்கு இந்த வார்த்தைமேல் இவ்வளவு கோபம் வரக் காரணம் ஒரு அக்கா. கொழுந்து எடுக்கிறவர், நாற்பதைத் தாண்டியவர். ஒன்றரை வருடமாக நீர்க்கடுப்பு, மூத்திரம் சொட்டுச் சொட்டாக வருகிறது, சில நாள் சிவப்பாக. எங்கே போனாலும் மாத்திரை கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள், மாத்திரை இருக்கும்வரை நன்றாக இருக்கும், தீர்ந்தால் மறுபடியும். குளிரில் நிற்கிறாய், தண்ணீர் குடிக்க மாட்டாய், அதனால்தான் என்று திட்டும் வாங்கியிருக்கிறார். அதிலும் உண்மை இல்லாமலில்லை, காட்டில் ஒதுங்க இடமில்லை என்று பகல் முழுக்கத் தண்ணீர் குடிக்காத பெண்கள் இங்கே எத்தனையோ பேர். கடைசியில் ஒரு டாக்டர் கல்லாக இருக்கும் என்று எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். அந்தப் படத்தை விளக்குப் பெட்டியில் மாட்டியபோது நான் பக்கத்தில் நின்றேன். இடுப்பெலும்பு வட்டத்துக்கு நடுவில் ஒரு காப்பர்-டி, வெள்ளை வெளேரென்று, நேராக, போட்ட மாதிரியே இருந்தது. அதற்குக் கீழே இன்னொன்று. அது டி மாதிரியே இல்லை, கோழிமுட்டை போல ஒரு வெள்ளைக் கட்டி, அதன் பக்கவாட்டில் டியின் ஒரு கை மட்டும் குச்சி மாதிரி நீட்டிக்கொண்டிருந்தது. சிறுநீர்ப்பைக்குள் போன காப்பர்-டியைச் சுற்றிக் கல் வளர்ந்திருக்கிறது.

அக்காவிடம் கேட்டால், "மொத போட்டது விழுந்துடுச்சுன்னு சொன்னாங்க சிஸ்டர். நானும் லயன் கக்கூஸ்ல விழுந்திருக்கும்னு நெனச்சுக்கிட்டேன். அப்புறம் ரெண்டாவது போட்டாங்க" என்றார். எட்டு வருடத்துக்கு முன்னால். அன்றைக்கு ஒரு எக்ஸ்ரே எடுத்திருந்தால் ஒன்றரை வருடக் கடுப்பும் இல்லை, கோயம்புத்தூர் வரைக்கும் போய்ச் சிறுநீர்ப்பையில் கல்லை உடைத்து எடுத்ததும் இல்லை, அத்தனை நாள் கூலி போனதும் இல்லை. சொன்னது யார், எந்த இடம் என்பதை விடுங்கள். அதே வார்த்தையை நானும் வேலைக்குச் சேர்ந்த புதிதில் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன் என்றுதான் அன்று ராத்திரி யோசித்துக்கொண்டிருந்தேன்.

ஸ்கேனில் இல்லை என்றால் போதாதா, ஏன் எக்ஸ்ரே என்றால், ஸ்கேன் கர்ப்பப்பைக்குள் பார்ப்பதில் கெட்டிக்காரன், குடலுக்கு நடுவில் பார்ப்பதில் குருடன். குடலில் இருக்கிற காற்று எல்லாவற்றையும் மறைத்துவிடும். எக்ஸ்ரேக்கு அந்தத் தொல்லை இல்லை. காப்பர்-டி 36 மில்லிமீட்டர் நீளம், 32 மில்லிமீட்டர் அகலம், தண்டில் செம்புக் கம்பி, இரண்டு கையிலும் செம்பு உறை. மொத்தச் செம்புப் பரப்பு 380 சதுர மில்லிமீட்டர், 380ஏ என்ற பெயர் அதிலிருந்து வந்ததுதான். இவ்வளவும் போதாதென்று பிளாஸ்டிக்கிலேயே பேரியம் சல்பேட் கலந்து வைத்திருக்கிறார்கள், எக்ஸ்ரேயில் பளிச்சென்று தெரிய வேண்டும் என்பதற்காகவே. தொலைந்துபோனால் தேட வேண்டியிருக்கும் என்று செய்தவர்களுக்கே தெரிந்திருக்கிறது. நாம் தேடாமல் விடுவதுதான் அநியாயம்.

எக்ஸ்ரேக்குப் போகும் முன் மூத்திரக் கார்டில் கர்ப்பம் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். மாதவிலக்கு வராததைப் பால் கொடுப்பதால் என்று நாம் நினைத்துக்கொண்டிருப்போம், எப்போதும் அதுவேதான் காரணம் என்று சொல்ல முடியாது. குழந்தைக்கு ஆறு மாதம் தாண்டிய பிறகு தாய்ப்பாலை மட்டும் நம்பி இருக்கவே கூடாது. கார்டில் இல்லை என்று வந்தால் எக்ஸ்ரே. அடிவயிறு மட்டும் போதாது, நெஞ்சாங்கூட்டுக்குக் கீழே தொடங்கி இடுப்பு முழுக்கத் தெரியும்படி எடுக்கச் சொல்லுங்கள். டி இருப்பது தெரிந்தால் பக்கவாட்டிலும் ஒன்று எடுப்பார்கள், முன்னால் இருக்கிறதா பின்னால் இருக்கிறதா என்று அதில்தான் தெரியும். பால் கொடுக்கிறவள் எக்ஸ்ரே எடுக்கலாமா, பால் கெட்டுவிடுமா என்று கேட்காதீர்கள், ஒன்றும் ஆகாது, வெளியே வந்ததும் பால் கொடுக்கலாம்.

படத்தில் எங்குமே இல்லையா, அப்போது விழுந்துவிட்டது என்று நானே சொல்வேன். தாராளமாகப் புதிதாகப் போட்டுக்கொள்ளுங்கள். படத்தில் தெரிந்தால், ஸ்கேனில் கர்ப்பப்பை காலியாக இருப்பதால் அது வெளியே இருக்கிறது என்று அர்த்தம்.

அப்படி இருந்தால் அன்றைக்கே ஓட வேண்டிய அவசரம் இல்லை, வலியோ காய்ச்சலோ இல்லாதவரைக்கும். ஆனால் தொந்தரவு இல்லையே, இருந்துவிட்டுப் போகட்டும் என்று விடவும் கூடாது. செம்பு சும்மா இருக்கிற உலோகம் இல்லை. கர்ப்பப்பைக்குள் அது விந்தணுவை முடக்குவதும் கிருமியில்லாத ஒரு அழற்சியை உண்டாக்குவதும்தான் நமக்குக் கருத்தடை. அதே வேலையை அது வயிற்றுக்குள்ளும் செய்யும். குடலும், குடலை மூடியிருக்கிற கொழுப்புப் போர்வையும் அதைச் சுற்றி ஒட்டிக்கொள்ளும். நாள் ஆக ஆக ஒட்டு கெட்டியாகும். அரிதிலும் அரிதாகக் குடல் சுவரை அரித்து உள்ளே போனதும், மலவாயில் நூல் தெரிந்ததும்கூட மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறது (அப்படி எங்காவது நூல் தெரிந்தால் தயவுசெய்து பிடித்து இழுக்காதீர்கள், குடல் கிழியும்). ஆகவே தெரிந்ததும் நாள் குறித்து, தொப்புள் பக்கம் சின்னத் துளை போட்டு லேப்ராஸ்கோப்பியில் எடுப்பது வழக்கம். பலர் ஓரிரு நாளில் வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். தாமதித்தவர்களுக்குத்தான் வயிற்றைக் கிழித்துச் செய்ய வேண்டி வரும். கடும் வயிற்றுவலி, வாந்தி, வயிறு உப்புவது, குளிர் காய்ச்சல் இதில் எது வந்தாலும் நாள் பார்க்க வேண்டாம், அன்றே போங்கள்.

நெஞ்சுக்கு ஏறுமா என்ற கேள்விக்கு வருகிறேன். ஏறாது. நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் உதரவிதானம் என்று ஒரு தசைத் தட்டி இருக்கிறது. வயிற்றுக்குள் வேண்டுமானால் அது போகலாம், கல்லீரல் பக்கம் வரைக்கும்கூட. அந்த அம்மா சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது பாருங்கள், "இடம் மாறும்" என்பது உண்மை. மூட்டை தூக்கினால் விழும், மலையேறினால் நகரும் என்பதெல்லாம் இல்லை. முப்பது கிலோ கொழுந்தை முதுகில் போட்டுக்கொண்டு ஏறி இறங்குகிறவர்களுக்குத்தான் நான் இத்தனை வருடம் போட்டேன்.

இங்கே வயதானவர்கள் இன்னும் காப்பர்-டியை "லூப்" என்றுதான் சொல்வார்கள், பயமும் அந்தப் பெயரோடு சேர்ந்து வந்ததுதான். 1965-ல் அரசுத் திட்டத்தில் வந்தது லிப்பிஸ் லூப், செம்பு இல்லாத, பாம்பு மாதிரி வளைந்த பிளாஸ்டிக். ரத்தப்போக்கு அதிகமாகும் என்று முன்கூட்டிச் சொல்லாமல் முகாம் போட்டுப் போட்டுத் தள்ளினார்கள், ரத்தம் போனதும் பெண்கள் மிரண்டார்கள், ஊரெல்லாம் வதந்தி. நம் மலையில் இன்னொரு வேடிக்கையும் நடந்தது. 1971-ல் நீலகிரியில் மூன்று தேயிலைத் தோட்டங்களில், கர்ப்பமாகாமல் இருக்கும் ஒவ்வொரு மாதத்துக்கும் பெண் தொழிலாளியின் கணக்கில் 5 ரூபாய் போடும் திட்டம் ஒன்றைத் தென்னிந்தியத் தோட்ட அதிபர்கள் சங்கமான உபாசி கொண்டுவந்தது. பிள்ளை பிறந்தால் கணக்கில் பிடித்தம். நல்லதா கெட்டதா என்ற வாதத்துக்கு நான் வரவில்லை. ஆனால் போடுவதற்கு ஆள் தேடுகிறவர்கள், போட்ட பிறகு என்ன ஆச்சு என்று தேடி வருவதில்லை என்ற பேச்சு அந்தக் காலத்திலிருந்தே இங்கே இருக்கிறது, அதில் நியாயமும் இருக்கிறது.

மற்ற அரிய சிக்கல்களையும் கேட்டிருந்ததால் சொல்கிறேன். காப்பர்-டி இருக்கும்போதே கர்ப்பமாவது வருடத்துக்கு நூறில் ஒருவருக்கும் குறைவு. அப்படி ஆனால் இரண்டு விஷயம் பார்க்க வேண்டும். கரு கர்ப்பப்பைக்குள் இருக்கிறதா கருக்குழாயில் இருக்கிறதா என்பது முதல் விஷயம். காப்பர்-டி குழாய்க் கர்ப்பத்தை உண்டாக்குவதில்லை, ஒன்றும் பயன்படுத்தாத பெண்ணைவிட இவர்களுக்கு மொத்தத்தில் அது குறைவுதான். ஆனால் இதை மீறிக் கர்ப்பமாகிவிட்டால் அது குழாயில் இருக்கிற வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். நாள் தள்ளிப்போய், ஒரு பக்கமாக அடிவயிறு வலித்து, தலைசுற்றி, தோள்பட்டை வலித்தால் அது உள்ளே ரத்தம் கசிகிற அறிகுறி. சமவெளியில் இருப்பவர்களுக்குச் சொல்வதைவிட மலையில் இருப்பவர்களுக்கு நான் இதைச் சத்தமாகச் சொல்வேன். 2009 நவம்பரில் மண்சரிவு வந்து சாலைகள் அடைபட்ட நாட்கள் நினைவிருக்கிறதா? மழைக்காலத்தில் அப்படி ஒரு வலி வந்தால் காலையில் பார்க்கலாம் என்று படுக்காதீர்கள், சாலை இருக்கும்போதே இறங்கிவிடுங்கள். இரண்டாவது விஷயம், கரு உள்ளேதான் இருக்கிறது, நூலும் தெரிகிறது என்றால் பிள்ளை வேண்டும் என்று நினைத்தாலும் காப்பர்-டியை ஆரம்பத்திலேயே எடுத்துவிடுவதுதான் நல்லது. எடுக்கும்போது கரு கலைய வாய்ப்பு உண்டு, விட்டுவைத்தால் அதைவிட அதிகம், சீழ்பிடித்த கருச்சிதைவு வரைக்கும் போகலாம்.

அமெரிக்காவில் டால்கன் ஷீல்டு என்று ஒன்று விற்றார்கள், 1974-ல் விற்பனையை நிறுத்தினார்கள். அதன் நூல் பல இழைகளைச் சேர்த்து உறைபோட்டது, விளக்குத்திரி எண்ணெயை உறிஞ்சுகிற மாதிரி கிருமியை மேலே ஏற்றிவிட்டது. கர்ப்பத்தோடு அதை வைத்திருந்த பெண்கள் சிலர் சீழ்பிடித்து இறந்தே போனார்கள். இன்றைய காப்பர்-டி நூல் ஒற்றை இழையாக, தூண்டில் நரம்பு மாதிரி வழவழவென்று இருப்பதற்கு அவர்கள் கொடுத்த விலை அது. இப்போது தொற்று என்று பயப்பட வேண்டிய காலம் போட்ட முதல் மூன்று வாரம்தான். ஏற்கெனவே கர்ப்பப்பை வாயில் நோய் இருந்து அதைக் கவனிக்காமல் போட்டால் வருவது. அதற்குப் பிறகு மற்றப் பெண்களைப் போலத்தான்.

ஆனால் ரொம்ப வருடம் மறந்துபோய் வைத்திருப்பவர்களுக்கு வேறு ஒன்று வரும். ஆக்டினோமைசிஸ் என்று ஒரு கிருமி. கர்ப்பப்பை வாயிலிருந்து செல்களை வழித்தெடுத்துப் பார்க்கிற பாப் ஸ்மியர் பரிசோதனையில் அந்தப் பெயர் வந்தது, ஆனால் உடம்பில் தொந்தரவு ஒன்றும் இல்லை என்றால் மருந்தும் வேண்டாம், எடுக்கவும் வேண்டாம். அரிதாக அது இடுப்புக்குள் கட்டியாகப் பரவும். எடை குறையும், லேசான காய்ச்சல் விட்டு விட்டு வரும், அடிவயிற்றில் கல் மாதிரி கட்டி. பார்ப்பவர்கள் புற்றுநோய் என்றே முடிவு கட்டுவார்கள், வயிற்றைத் திறந்து எடுத்துச் சோதித்த பிறகுதான் தெரியும், மாதக்கணக்கில் பென்சிலின் கொடுத்தால் தீருகிற நோய் என்று. வீட்டில் அம்மாவுக்கோ அத்தைக்கோ மாதவிலக்கு நின்று வருடக்கணக்கு ஆகியிருந்தால் ஒரு தடவை கேளுங்கள், "லூப் எடுத்தாச்சா?" என்று. 380ஏ பத்து வருடம், 375 என்ற இன்னொரு வகை ஐந்து வருடம், மாதவிலக்கு நின்று ஒரு வருடம் கழித்து எடுத்துவிட வேண்டும். நான் ஒரு பாட்டிக்கு 22 வருடத்துக்குப் பிறகு எடுத்தேன். கர்ப்பப்பை வாய் குறுகிப்போயிருந்தது, பாவம், வலியில் என் கையைப் பிடித்துக்கொண்டு என் பரம்பரையையே திட்டினார்.

எடுக்கும்போது டியின் ஒரு கை சதையில் பதிந்து ஒடிந்து உள்ளே தங்கிவிடுவதும் நடக்கும், ரொம்ப அபூர்வம். அதனால் எடுத்ததும் காட்டச் சொல்லிப் பாருங்கள், இரண்டு கையும் தண்டும் முழுசாக இருக்க வேண்டும். குறைந்திருந்தால் உள்ளே குழாய்க் கேமரா விட்டு எடுக்கலாம்.

கூடலூர், பந்தலூர் பக்கம் பழங்குடி மக்களிடம் அரிவாள் செல் ரத்தசோகை இருப்பது தெரிந்ததுதான். அவர்களுக்கு காப்பர்-டி போடவே கூடாது என்றில்லை, ஆனால் செம்பு மாதவிலக்கை அதிகமாக்கும், ஏற்கெனவே ரத்தம் குறைந்த உடம்பு. ஹார்மோன் சாதனமோ, அரசு மருத்துவமனையில் இலவசமாகக் கொடுக்கிற அந்தரா கருத்தடை ஊசியோ அவர்களுக்குப் பொருத்தம். வில்சன் நோய் என்று உடம்பில் செம்பு தேங்குகிற நோய் ஒன்று இருக்கிறது, அவர்களுக்கு மட்டும் காப்பர்-டி கண்டிப்பாக வேண்டாம்.

சரி தங்கச்சி, உங்களுக்கு வருகிறேன். எக்ஸ்ரே வரும்வரை வீட்டுக்காரரை ஆணுறை போடச் சொல்லுங்கள், கூச்சமாக இருந்தால் அந்தரா ஊசியோ சாயா கருத்தடை மாத்திரையோ கேளுங்கள், இரண்டும் பால் கொடுக்கிறவர்களுக்கு ஆகும். "எதுக்கு எக்ஸ்ரே, விழுந்திருக்கும்" என்று மறுபடியும் சொன்னால் சண்டை போட வேண்டாம், "விழுந்ததை நான் பார்க்கலைங்க, நீங்க அப்படியே சீட்டுல எழுதிக் கொடுத்துடுங்க" என்று மட்டும் சொல்லிப் பாருங்கள், பெரும்பாலும் எக்ஸ்ரேக்கு எழுதிக் கொடுத்துவிடுவார்கள். போகும்போது காப்பர்-டி அட்டையை எடுத்துக்கொண்டு போங்கள், போட்ட தேதியும் 380ஏ-வா 375-ஆ என்பதும் அதில் இருக்கும். அட்டை தொலைந்திருந்தால் போட்ட இடத்து ரிஜிஸ்டரில் இருக்கும், கேட்டால் பார்த்துச் சொல்ல வேண்டியது அவர்கள் வேலை.